அஃப்ஷா ஏன் வரவில்லை?

"அஃப்ஷா வரலை. நான்தான் வேணாம்னுட்டேன்."

வாசலில் நின்றபடி முனவ்வர் பேகம் சொன்னதைக் கேட்டு, கூட்டிப்போகக் காரோடு வந்த தங்கை ஷஹீன் பானு திகைத்துப் போனாள்.

"இன்னா ஆபா இது? நம்ம அண்ணன் பொண்ணு நிக்காஹ். வீட்டு மருமகளை விட்டுட்டு வர்றேங்கறே?"

"வீட்ல வேலை கிடக்கு."

"இன்னா வேலை? பாத்திரம் தேய்க்கிற வேலையா?"

முனவ்வர் காரில் ஏறினாள்.

ஷஹீன் விடவில்லை. ஆம்பூர் பஜார் நெரிசலில் கார் ஊர்ந்த நேரம் முழுக்கப் பொரிந்து தள்ளினாள்.

"வேலூர்ல மூளை ஆராய்ச்சி பண்ற பொண்ணு. ஃபிட்ஸ் வர்ற குழந்தைங்க மூளையில எந்த செல் எந்த ரகம்னு கண்டுபிடிக்க கம்ப்யூட்டருக்கே சொல்லித் தர்றாளாம். பேப்பர்ல ஃபோட்டோ எல்லாம் வந்துது. அவளைப் போய் வீட்டுக்குக் காவல் வெச்சுட்டு வர்றியே! தபரேஸ் ஊர்ல இருந்தா இப்படிச் செய்வியா?"

முனவ்வரின் மகன் தபரேஸ் ஷூ ஆர்டர் விஷயமாக ஜெர்மனி போயிருந்தான்.

"நிக்காஹ் முடியட்டும். நானே போய் அவளைக் கூட்டிட்டு வர்றேன்."

"நான் இல்லாத நேரத்துல என் வீட்டுக்கு யாரும் போகக் கூடாது" என்றாள் முனவ்வர் வெடுக்கென்று.

ஷஹீன் அதற்கப்புறம் அக்காவோடு பேசவில்லை. மண்டபத்தில் மற்றவர்களோடு பேசினாள். பிரியாணிக்கு முன்னாலேயே அந்தச் சேதி பந்தி முழுக்கப் பரிமாறப்பட்டுவிட்டது.

"படிச்ச பொண்ணுதான் வேணும்னு தேடித் தேடிக் கட்டிட்டு வந்தது இதுக்குத்தானா?"

"மருமக பேரு ஜாஸ்தியா வெளியில வருதில்ல, பொறுக்கலை."

முனவ்வர் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் பொண்ணு நிக்காஹுக்கு அவளை அனுப்ப உனக்கு மனசு வரலை, இல்ல?"

முனவ்வருக்குக் கண் கலங்கிவிட்டது. மணப்பெண்ணின் தலையைத் தொட்டு துவா செய்துவிட்டு, பந்தியில் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்கு யாரும் வரவில்லை. பேருக்கு இரண்டு வாய் சாப்பிட்டாள். ஒரு டப்பாவில் பிரியாணி வாங்கிக்கொண்டு தனியாக ஆட்டோ பிடித்தாள்.

வீட்டில் அஃப்ஷா தலைகூட வாராமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரை முழுக்க நீலமும் ஆரஞ்சுமாகப் புள்ளிகள்.

"மாமி! பிரிஞ்சிடுச்சு!"

"நெஜமாவா?"

"ரெண்டு ரகம் செல்லையும் கம்ப்யூட்டர் ஒண்ணுன்னே சொல்லிட்டிருந்துச்சு. தப்பு எங்கேன்னு இப்பதான் பிடிச்சேன். சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் போய்ச் சேரலைன்னா இந்த ஆராய்ச்சியையே நிறுத்திடுவாங்க. இனிமே பயமில்லை, அனுப்பிடலாம்."

"அல்லாஹ் காப்பாத்தினான்" என்ற முனவ்வர் கை கழுவிவிட்டு வந்து டப்பாவைத் திறந்தாள். மருமகளின் விரல்கள் விசைகளை விட்டு நகர்வதாக இல்லை.

"வாயைத் திற. ஆறிடப் போவுது."

அஃப்ஷா குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். மென்றுகொண்டே கேட்டாள்.

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லச் சொன்னேனே, சொன்னீங்களா மாமி? எல்லாரும் நம்பினாங்களா?"

"காய்ச்சல்னு சொல்லலை."

"அய்யோ! அப்போ என்னைத் திமிர் பிடிச்சவன்னு நினைச்சிருப்பாங்களே!"

"உன்னை யாரும் ஒண்ணும் நினைக்கலை" என்று அடுத்த வாய் ஊட்டினாள் முனவ்வர். "காய்ச்சல்னு சொன்னா, மண்டபமே பழத்தைத் தூக்கிட்டு உன்னைப் பார்க்கக் கிளம்பி வந்துடும். மாமியார்காரி விடலைன்னு சொல்லிட்டேன். ஒருத்தியும் இன்னிக்கு நம்ம வாசப்படி மிதிக்க மாட்டா. நீ வேலையைப் பாரு."