எந்தக் கடைச் சாவி?

கடைத்தெருப் பூட்டுகள் ஒன்றுகூடி ஒரு சாவியை எம்.எல்.ஏ. ஆக்கின. "எந்தப் பூட்டும் என்கிட்ட முரண்டு பிடிக்காது" என்று அது மேடையில் பேசியதில் சொக்கிப்போய்த்தான் எல்லாம் ஓட்டுப் போட்டன.

பாராட்டு விழாவில் நகைக்கடைப் பூட்டு கேட்டது: "தலைவரே, இதுக்கு முன்னாடி நீங்க எந்தக் கடைச் சாவி?"

ஆரவாரம் சட்டென்று நின்றது.

"மாலை போடுற நேரத்துல கேக்குற கேள்வியா இது?" என்று டீக்கடைப் பூட்டு பல்லைக் கடித்தது.

"கேக்கட்டும்" என்று சிரித்தபடி சாவி மேடையை விட்டு இறங்கியது. "கிட்ட வாங்க, உங்களுக்கு மட்டும் சொல்றேன்."

'க்ளிக்' என்று ஒரு சத்தம். நகைக்கடைப் பூட்டு வாய் பிளந்து தொங்கியது.

போன மாதம் கொள்ளைபோன ஜவுளிக்கடையின் பூட்டுக்கு அந்தச் சத்தம் நன்றாக நினைவிருந்தது. அதுதான் முதலில் கத்தியது: "தலைவர் வாழ்க!"