வெள்ளைக் கையுறை

சவப்பெட்டிக்குள் யோபுவின் கோட்டைச் சரிசெய்த அவன் அக்கா ஞானதீபம், கையுறை மாட்டுவதற்காக அவன் வலது கையைத் தூக்கினாள். குளிப்பாட்டியும் போகாமல் உள்ளங்கை ரேகைகளில் வெள்ளி மின்னியது.

"பட்டாசுக்குப் போடுற அலுமினியப் பவுடர்லா இது."

தலைமாட்டில் அவன் மனைவி ஜெனிட்டா முந்தானைக்குள் கைகளைச் சுருட்டி உட்கார்ந்திருந்தாள். உயிர் போன நேரத்திலிருந்து சுற்றியிருந்த பெண்கள் அவளை எழுந்திருக்கவே விடவில்லை.

"தம்பி ஜாபஸ் வெடிவிபத்துல போனப்ப, இந்த வீட்டுல இனி ஒருத்தரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகக் கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்குனதே இவன்தான். அச்சடிக்குற பிரஸ்ஸுக்குப் போறேன்னு சொல்லி நம்மள ஏமாத்தியிருக்கான். உனக்குத் தெரியுமா?"

"அவுக அப்படிச் செய்ய மாட்டாக, மதினி."

"அதான் கையே சொல்லுதே. சத்தியத்த மீறுனவனுக்கு நெஞ்சுவலி வராம என்ன செய்யும்?"

வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது. சபையார் முகம் பார்க்க வந்துவிட்டார்கள்.

"போனவன் மானம் போக வேண்டாம். மறைச்சிருவோம். இந்தா, நீயே உன் கையால மாட்டிவிடு."

ஞானதீபம் கையுறைகளை நீட்டினாள். ஜெனிட்டா கைகளை வெளியே எடுக்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்துகொண்டிருந்தவள், போன் வந்ததும் கைகூடக் கழுவாமல் ஓடிவந்து, அவன் மூச்சு அடங்கும்வரை அந்த வலது கையைத்தான் இறுகப் பிடித்திருந்தாள்.

கையுறை ஒரு சோடிதான் இருந்தது.