பெயர் மாற்றப்பட்டுள்ளது

முதல் அடி அவன் முழங்காலில் விழுந்தது.

மடிக்கணினியின் ஒலியைக் குறைக்க அவள் கை தானாகப் போனது. பட்டப்பகல். பல்கலைக்கழகத்தில் பக்கத்து அறைகளில் பேராசிரியர்கள் இருந்தார்கள். குறைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

நேரலை ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஓர் உப்பளம். அவன் கைகளைப் பின்னால் கட்டி உப்புக் குவியலில் சாய்த்து வைத்திருந்தார்கள். குவியலின் அடி சிவந்திருந்தது.

"வாசில. அக்கா ஒன்னப் பத்தி எவ்ளோ அழகா எழுதிருக்காவ. வாசி."

லிங்கதுரையின் குரல். குழுவின் தலைவன். கையில் கிரிக்கெட் ஸ்டம்ப்.

அரிவாளோடு வீடியோ எடுத்துப் போடும் இளைஞர்களின் இணையக் குழு அது. இரண்டு ஆண்டுகளாக அவளும் அதில் இருந்தாள். மறைந்து அல்ல. ஆராய்ச்சிக்கு என்று சொல்லித்தான் கேட்டாள். சிரித்தார்கள். சேர்த்துக்கொண்டார்கள்.

யார் எதைப் போட்டாலும் எல்லோரும் பாராட்டாக நெருப்புப் படம் விட வேண்டும். அங்கே அதுதான் மரியாதை. அவளும் விட்டாள். மானுடவியலில் அதற்குப் பங்கேற்பு ஆய்வு என்று ஒரு நல்ல பெயர் உண்டு.

இப்போது அடிபடுகிறவன் மட்டும் அவளிடம் தனியாகப் பேசினான். போன ஆடியில் நடந்த கொலையை யார் செய்தது என்று சொன்னான். சொல்லிவிட்டு அழுதான்.

கட்டுரையில் அவன் பெயரை மாற்றினாள். ஊரை மாற்றினாள். வயதை, வேலையை, அப்பாவைக்கூட மாற்றினாள்.

ஒரு வரியை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. குழுவில் அவன் எப்போதோ எழுதியது.

'அருவாளத் தூக்குனா ஆயிரம் பேரு பாக்கான். கீழ வச்சா அம்ம கூட பாக்க மாட்டா.'

அப்படியே மேற்கோளில் வைத்தாள்.

கட்டுரை இணையத்தில் வந்தது. லிங்கதுரை அந்த வரியைக் குழுவின் தேடல் பெட்டியில் போட்டான். அது ஒரே ஒருவனிடம் போய் நின்றது.

இப்போது அந்த வரியைத்தான் வாசிக்கச் சொல்கிறார்கள்.

வாசித்தான்.

அடி.

மறுபடி வாசித்தான். பாதியில் ஒரு பல் உப்பில் விழுந்தது. ஒருவன் கேமராவை அதற்கு அருகே கொண்டுபோய்க் காட்டினான். திரையில் நெருப்புப் படங்கள் குமிழிகளாக மேலேறின.

"அக்கா, பாக்கியளா? நீங்க மட்டும் இன்னும் ஃபயர் விடல."

சிரிப்பு.

அவள் அலைபேசியை எடுத்துக் காவல் கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். ஓர் உயிர் போகிறது என்றாள்.

"எந்த ஊரும்மா?"

"மணற்குடி."

விசைப்பலகை தட்டும் சத்தம்.

"அப்படி ஒரு ஊரு மாவட்டத்துலயே இல்லையேம்மா. பதறாம யோசிச்சுச் சொல்லுங்க."

இல்லைதான். அந்த ஊரை அவளே உண்டாக்கியிருந்தாள். குறிப்புகளில், வகுப்பில், கருத்தரங்குகளில், தூக்கத்தில்கூட அது மணற்குடிதான். உண்மைப் பெயர் வாய்தவறியும் வந்துவிடக் கூடாது என்று நாக்கைப் பழக்கியிருந்தாள்.

நாக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"உப்பளம்..." என்றாள்.

"உப்பளம் எத்தனையோ இருக்கும்மா. அடி வாங்குறது யாரு? பையன் பேரச் சொல்லுங்க, பாப்போம்."

"மாறன்."

சொன்ன கணமே தெரிந்தது. அது கட்டுரைக்காக அவள் வைத்த பெயர்.

கண்களை மூடினாள். முகம் வந்தது. குரல் வந்தது. அவன் அம்மா போட்டுக் கொடுத்த கருப்பட்டிக் காப்பியின் மணம் வந்தது.

பெயர் வரவில்லை.

ஸ்டம்ப் காற்றில் சீறியது. இந்த முறை சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஈரமாக.

சிரிப்பு நின்றது.

"ஏல சுடல." லிங்கதுரையின் குரலில் முதல்முறையாகப் பயம். "எல, நடிக்காத. சுடல, கண்ணத் தொறல."

"யாரோ சுடலைன்னு கூப்பிடுற சத்தம் கேக்குதே," என்றார் காவலர். "யாரும்மா அந்தச் சுடலை?"

அவள் திரையைப் பார்த்தாள்.

அந்தப் பெயருக்கு இப்போது அவனும் திரும்பவில்லை.