இரண்டாவது பிரதி

பின்லாந்தின் தாம்பெரே நகரில் இருந்த அந்தத் தரவுச் சேமிப்பு நிறுவனத்தில் எஸ்கோவும் ஐலாவும் எலியும் பூனையும் மாதிரி என்பது வரவேற்பில் இருப்பவருக்குக்கூடத் தெரியும். எஸ்கோ மேலாளர். ஐலா, சேமிப்பகத்தை வடிவமைக்கும் பொறியாளர்.

"ஒவ்வொரு தகவலையும் ரெண்டு இடத்துல எழுதி வெப்போம். ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணுலேர்ந்து மீட்டுடலாம்" என்பாள் ஐலா.

"எழுதற வேலையும் ரெட்டிப்பு, டிஸ்க்கும் ரெட்டிப்பு. வாடிக்கையாளர் கொட்டாவி விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போயிடுவார், தாயே!"

"வேகமா வந்து என்ன பிரயோஜனம், அழுகிப்போய் வந்தா?"

"அழுகும்போது பாத்துக்கலாம்!"

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகமே மாடியில் சௌனா என்ற நீராவி அறையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு ஐலா மட்டும் கீழே தங்கினாள். சர்வர் அறைக்குள் நுழைந்தாள். நிறுவனத்தின் சொந்தக் கோப்புகள் இருந்த பகுதியைத் தேடிப் பிடித்து, அதில் ஒரு துண்டு அழிந்துபோகும்படி அதன்மேல் வெறும் பூஜ்யங்களாக எழுதித் தள்ளினாள். பிடிபட்டால் வேலை போய்விடும்.

திங்களன்று எஸ்கோ எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார்.

"நம்ம தரவுல ஒரு துண்டு கெட்டுப்போயிருக்கு. தானாக் கெடலை. யாரோ கெடுத்திருக்காங்க."

எல்லாக் கண்களும் ஐலா பக்கம் திரும்பின. இரண்டாவது பிரதி அவசியம் என்று நிரூபிப்பதில் அவளைவிட்டால் வேறு யாருக்கு அக்கறை?

"யாருன்னு நான் கேக்கப்போறதில்லை" என்றார் எஸ்கோ, அவளைப் பார்த்தபடியே. "ஐலா, நீ ஜெயிச்சுட்டே. உன் நச்சரிப்பு தாங்காம, ஹெல்சிங்கி கிளையில சொல்லி எல்லாத்துக்கும் ரெண்டாவது பிரதி எடுக்க வெச்சிட்டேன். உன்கிட்ட சொன்னா தலையில ஏறி உக்காருவேன்னு சொல்லலை. இப்ப மீட்டுக் காட்டறேன், பாரு."

ஐலாவின் முகம் வெளுத்தது.

"வேணாம் எஸ்கோ! நீங்க சொன்னதுதான் சரி. வேகம்தான் முக்கியம். அநியாயத்துக்கு இடம் அடைக்கும். அந்தப் பிரதியை அழிச்சிடுங்க!"

"அட, ஜெயிச்சதும் என்னமா அடக்கம்!" எஸ்கோ சிரித்துக்கொண்டே பொத்தானைத் தட்டினார்.

சுவரளவு திரையில் கிறிஸ்துமஸ் விருந்தன்று பதிவான கண்காணிப்புக் கேமராக் காட்சி உயிர்பெற்றது: ஆளில்லாத கூடத்தில், சுவரில் மாட்டியிருந்த எஸ்கோவின் புகைப்படத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு முத்தமழை பொழிந்துகொண்டிருந்தாள் ஐலா.