சாரங்கா வீட்டு வெளிச்சம்

சாரங்கா தன் வேலி நீளத்துக்கும் சோலார் மாலை பல்புகளைக் கட்டிய நாளிலிருந்து, பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. பொழுதுபட்டதும் அவை தாமாகவே எரியும். உடையார்கட்டு வீதியால் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். ஜெகதீஸ்வரி புதிதாக மஞ்சள் பூசிய சுவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் காலை சாரங்கா வயலுக்குப் போனதும், வேலிக் கட்டையில் பல்புகளுக்காகப் பகல் வெயிலை வாங்கிக்கொண்டிருந்த சோலார் தகட்டின் மேல் ஜெகதீஸ்வரி ஒரு கரிச்சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்புப் புள்ளியும் குத்தினாள்.

"கண்ணூறு படாமல் இருக்கட்டும் எண்டு வச்சனான் பிள்ளை," என்றாள் பின்னேரம்.

"நல்லதக்கா. எனக்கு இந்த யோசினை வரேல்லைப் பாருங்கோ," என்றாள் சாரங்கா. சட்டியை அவள் எடுக்கவேயில்லை.

அன்று பல்புகள் முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தன. மறுநாள் இன்னும் கூட.

மூன்றாம் நாள் ஜெகதீஸ்வரி நெல் அவித்து, முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டாள். வெயில் கொளுத்தியது. பின்னேரம் கைவிட்டுப் பார்த்தாள். நெல் ஈரமாகவே இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான்.

ஐந்தாம் நாள் பொழுதுபடும் நேரம், அவித்த நெல் முளைத்திருந்தது. இருட்டறையில் வளர்ந்தவை போல முளைகள் வெளிறிப்போய், எரியத் தொடங்கிய பல்புகளின் பக்கம் சாய்ந்து நின்றன.

ஜெகதீஸ்வரி பாயை மறுபக்கம் திருப்பிப் போட்டாள். குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். முளைகள் எல்லாம் மறுபடியும் சாரங்கா வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன.