குளிருக்கு ஏற்ற பிளக்

குளிருக்குச் சூடான பிளக்தான் சரி என்று நிரஞ்சன் அடித்துச் சொன்னான்.

மலைநாட்டில் கார் வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இந்தப் புத்திதான். கம்பளிக் குல்லா போடுகிற ஊரில் இன்ஜினுக்கும் குளிரும், அதற்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்கும் சூடாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ‘ஹொட் பிளக்’ என்று பெயரைக் கேட்டதும் வெந்நீர் போத்தல் கிடைத்த மாதிரி வாங்கிக்கொண்டு போவார்கள். சாதாரணக் கார் என்றால் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

நிரஞ்சனின் கார் சாதாரணக் கார் இல்லை.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, உதிரிப்பாகக் கடையின் வாசலை மறித்துக்கொண்டு நின்றது அது. சுப்பர்சார்ஜர் பூட்டியிருந்தான். இன்ஜினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கிற சாமான். ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் சீசனுக்கு நடக்கிற கார் மலையேற்றப் போட்டியில் ஓடப்போகிறான்.

கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற தனுஷிகா இரண்டு பிளக் பெட்டிகளை மேசைமேல் வைத்தாள். ஒன்று சூட்டு ரகம், மற்றது குளிர் ரகம்.

அவன் கேட்டதையே கொடுத்துவிட்டால் போதும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த இன்ஜினுக்குள் சூட்டு பிளக்கின் முனை பழுக்கக் காய்ச்சிய கம்பியாகிவிடும். நேரத்துக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பாதி மலை ஏறுவதற்குள் பிஸ்டன் உருகி, ஊரே பார்க்க நடுரோட்டில் புகைந்துகொண்டு நிற்பான்.

நிற்கட்டும், நன்றாக நாறட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

அந்தக் காரை அவளுக்குத் தெரியும். சிவப்புப் பெயின்ட்தான் புதிது, இலக்கத் தகடு பழையது. இரண்டு வருடத்துக்கு முன் லிந்துலையில் பஸ்ஸுக்கு நின்ற பிரியந்தியை அடித்துத் தூக்கிக் கொன்றபோது அது நீலமாக இருந்தது. பிரியந்தி தனுஷிகாவின் கூடப்பிறந்த தங்கை. முன்பள்ளியில் படிப்பித்தாள். அன்றைக்குப் பிள்ளைகளுக்காகக் காகிதப் பூக்கள் வெட்டி ஒரு பையில் வைத்திருந்தாள்.

கூட்டாளியோடு பந்தயம் விட்டு வந்தவன் பிரேக்கில் காலே வைக்கவில்லை. ரோட்டில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கோர்ட்டில் நிரஞ்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பிரேக் பிடிக்கவில்லை என்றான். ஒரு மெக்கானிக்கும் வந்து ஆமாம் போட்டான். பார்த்தவர்களில் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. நாலு லொறி ஓட்டுகிற அவன் அப்பாவை யார் பகைத்துக்கொள்வார்கள்? ஏதோ ஒரு தண்டத்தோடு எல்லாம் முடிந்தது.

கோர்ட்டில் பின் வாங்கில் உட்கார்ந்திருந்த அக்காவை அவன் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் அவள் யாரென்று தெரியாமல் போன வாரமும் இந்தக் கடைக்கு வந்தான். இன்றும் வந்திருக்கிறான். வாய் நிறையத் தங்கச்சி என்று வேறு கூப்பிடுகிறான்.



“நம்ம ஊரு குளிருக்கு இதே போதும் தங்கச்சி,” என்று நிரஞ்சன் சூட்டு ரகப் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தினான்.

தனுஷிகா பெட்டிமேல் கையை வைத்தாள்.

வெளியே நுவரெலியா பஸ்ஸுக்குக் கண்டக்டர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். விடுவதா, இழுப்பதா என்று அவள் கை ஒரு கணம் அப்படியே இருந்தது.

பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வேணாண்ணே. வெளியதாங்க குளிரு, உங்க இஞ்சினுக்குள்ள அடுப்புல்ல எரியுது. இதப் போட்டீங்கன்னா பாதி மலையிலயே நின்னுரும்.”

குளிர் ரகம் என்றால் முனையில் ஏறுகிற சூட்டை உடனே இறக்கிவிடுகிற ரகம் என்று பொறுமையாக விளக்கினாள். நாலு பிளக்கையும் வெளியே எடுத்து, மெல்லிய அளவுத் தகட்டைச் செருகி, முனையின் இடைவெளியை ஒவ்வொன்றாகக் குறைத்தாள். இடைவெளி கூடினால் திணிக்கிற காற்று தீப்பொறியை ஊதி அணைத்துவிடும். சொந்த அண்ணனுக்குச் செய்வதைப் போலப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். நிரஞ்சனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஜெயித்தால் கேக்கோடு வருவேன் என்றான். கடைசி வளைவு வரைக்கும் நம்பி மிதிக்கலாமா என்று மட்டும் கேட்டான்.

தாராளமாக மிதிக்கலாம் என்றாள் தனுஷிகா.

சிவப்புக் கார் சீறிக்கொண்டு புறப்பட்டுப் போனது. அவள் சூட்டு ரகப் பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்தாள்.

அதற்குக் கீழ்த்தட்டில் பந்தயக் கார்களுக்கான பிரேக் பேட்கள் இருந்தன. போன வாரம் நிரஞ்சன் பிரேக் பேட் கேட்டு வந்தபோது அவள் அவற்றை எடுத்துக் காட்டவில்லை. கோயிலுக்கும் கடைக்கும் போகிற கார்களுக்குப் போடுவதைக் கொடுத்தாள். மலை ஏறுகிற காருக்கு பிரேக் எதுக்கு என்று சிரித்துக்கொண்டே அவனும் வாங்கிப் போனான். முதல் சில வளைவுகளில் அது நன்றாகப் பிடிக்கும். சூடேறிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

பாதி மலையில் இன்ஜின் நின்றுபோயிருந்தால் அதெல்லாம் வீணாகியிருக்கும்.

கடைசி வளைவில் பார்க்க வருகிறவர்களை நிற்க விடுவதில்லை என்பதை அவள் முன்பே விசாரித்து வைத்திருந்தாள். அங்கே கீழே பள்ளத்தில் தேயிலை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை யாராவது கேட்டால், பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொல்லட்டும். இந்த முறை அது பொய்யாக இருக்காது.