திடலில் ஒரு கொட்டகை

“பொது இடத்தில கொட்டகை போட உனக்கு வெட்கமா இல்லையாக்கா?”

மருந்துக்கடைக்காரி கேட்டது தெருக்கோடி வரை கேட்டது. ஏணிமேல் நின்று தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த அவளுடைய அக்கா திரும்பியும் பார்க்கவில்லை.

“என் வண்டியெல்லாம் வெயில்ல நின்னு வெளுத்துப் போச்சுடி. கொஞ்சம் நிழல் வேணும். தள்ளி நில்லு, தலையில சுத்தியல் விழும்.”

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ‘பிரேக்கக்கா’ என்றால்தான் தெருவில் தெரியும். அவளிடம் கற்றவர்களில் பாதிப்பேர், அவள் வாய்க்குப் பயந்தே ஒழுங்காக ஓட்டினார்கள்.

அந்தத் தெரு மூச்சு விடுவதற்கு இருந்த ஒரே இடம் அந்தத் திடல். சில மாதங்களுக்கு முன் அதைத் தம் சொந்த நிலம் என்று சொல்லி, கையில் ஒரு பத்திரத்தோடு ஜவுளிக்கடை முதலாளி வந்து நின்றார். தெருச் சங்கத்தின் செயலாளரான தங்கை முதல் ஆளாக வழக்குத் தொடுத்தாள்.

நீதிபதி அந்தப் பத்திரத்தைப் புரட்டவே இல்லை.

“நிலம் உங்களுடையதா, அம்மா? இல்லை. உங்கள் கைவசமாவது இருக்கிறதா? அதுவும் இல்லை. ஊருக்கெல்லாம் உள்ள குறைதான் உங்களுக்கும். இவருடைய பத்திரத்தை எதிர்த்து வழக்காட நீங்கள் யார்?”

வழக்குத் தள்ளுபடியாயிற்று. நீதிபதி மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை அதைக் கேட்க நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறிவிட்டாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காதான் கடைசிவரை இருந்துவிட்டு வந்தாள்.

வந்தவள் செய்த காரியம் இந்தக் கொட்டகை.

“கோர்ட்டு எங்களைக் கைவிட்டுடுச்சு. சந்தடி சாக்குல நீயும் ஒரு மூலையைச் சுருட்டிக்கிட்ட, இல்ல?”

“அவர் முழுசா முழுங்கப் போறார். நான் ஒரு வாய் கடிச்சா உனக்கு வலிக்குதோ?”

அன்றோடு அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றது. பிரேக்கக்காவிடம் யாரும் கார் கற்கப் போகக் கூடாதென்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தவள் தங்கையேதான். மறுநாள் காலை, கொட்டகைத் தகரத்தில் ‘திருட்டு நிழல்’ என்று யாரோ பெரிதாக எழுதியிருந்தார்கள். எழுத்து, புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தின் நிறத்தில் இருந்தது. அந்த மருந்து அந்தத் தெருவில் ஒரே கடையில்தான் கிடைக்கும்.

அக்கா அதை அழிக்கவில்லை. அந்த எழுத்துக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜவுளிக்கடை முதலாளி வந்து பார்த்தார், எழுத்தையும் படித்தார்.

“என் நிலத்தைக் காலி பண்ணும்மா.”

“உங்க நிலம்னு யார் சொன்னா?”

“கூடப் பிறந்தவங்களே உங்களைத் திருடின்னு சொல்றாங்க. உங்களுக்காகப் பேச இந்தத் தெருவில ஒரு நாதி இருக்கா?”

“இல்லைதான். முடிஞ்சா கோர்ட்டுக்குப் போய்க் காலி பண்ண வையுங்க, பார்ப்போம்.”

அவர் போனார். அக்காவை வெளியேற்றச் சொல்லி வழக்குப் போட்டார்.

அக்கா தலைகுனிவதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கை நீதிமன்றத்துக்குப் போனாள். ஆனாலும் அக்கா ஒற்றை ஆளாக நிற்பதைப் பார்த்ததும் முன்வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அக்காவின் வக்கீல் சுற்றி வளைக்கவில்லை.

“நிலத்தை உங்களுக்கு விற்றவர் பெயர் பத்திரத்தில் இருக்கிறது. அவருக்கு அது எப்படி வந்தது?”

முதலாளி தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தது, பதில் வரவில்லை.

விற்றவருக்கு அந்த நிலம் என்றைக்குமே சொந்தமாக இருந்ததில்லை என்றும், திடல் ஊருக்குப் பொதுவானது என்றும், பத்திரம் செல்லாது என்றும் தீர்ப்பாயிற்று. தங்கையின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கிப் போனது போல இருந்தது. பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாமல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஆனால் செயலாளர் செயலாளர்தானே?

“அவர் போயாச்சு. இனி எங்கக்கா கொட்டகையும் போகணும். வாங்க,” என்று சங்கத்தாரைத் திரட்டிக்கொண்டு, கையில் கடப்பாரையோடு திடலுக்கு வந்தாள்.

அங்கே கார்கள் இல்லை. ஏணிமேல் நின்று அக்கா ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது? ஜெயிச்ச கையோட பிரிக்கிற?”

“வந்த வேலை முடிஞ்சுது. இனி எதுக்கு?”

“என்ன வேலை?”

“நீதான் பாதியில அழுதுட்டு ஓடிட்டியே! அப்புறம் ஜட்ஜ் என்ன சொன்னார் தெரியுமா? அந்த இடத்தில இருக்கிற ஒருத்தரைக் காலி பண்ணச் சொல்லி இந்த முதலாளி வந்தா, அப்ப தன் உரிமையை இவரே நிரூபிச்சாகணும்னார். உன்னைப் பார்த்துக் கேட்ட ‘நீ யார்’ங்கிற கேள்வியை, அவரைப் பார்த்தும் கேக்கணும்னா, திடல்ல யாராவது ஒருத்தர் உட்கார்ந்தாகணுமே!”

தங்கையின் கையிலிருந்த கடப்பாரை மெல்லக் கீழே இறங்கியது.

“என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஊரெல்லாம் உன்னைத் திருடின்னு…”

“சொல்லியிருந்தா அவ்வளவு மனசாரத் திட்டியிருப்பியாடி? எனக்கு ஆதரவா ஒரு ஆள் இருந்திருந்தாலும் அவர் கேஸ் போட யோசிச்சிருப்பார்.”

அக்கா கடைசித் தகரத்தைக் கழற்றித் தங்கையின் பக்கம் நீட்டினாள். ஊதா எழுத்து இன்னும் பளிச்சென்று இருந்தது.

“பார்த்துப் பிடி. இதைப் படிச்ச தைரியத்துலதான் அந்த மனுஷன் கோர்ட்டுக்கே போனார்.”